தண்ணி ஆடுது

பாய்லர் பார்ப்பவன் வேலை என்றால் பெரிய இயந்திர வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சாண் கண்ணாடிக் குழாயை எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பதுதான். பூட்டிய கதவைத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள், என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

மூன்று தட்டு

அறுபதுகளின் கடைசியில் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை. எனக்கு முந்தைய ஷிப்ட் ராயபுரத்து அருளப்பன். பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அந்தக் கண்ணாடிக் குழாய்தான் காட்டும். தண்ணீர் குறைந்தால் பாய்லர் வெடிக்கும், பக்கத்துக் கொட்டகையில் வேலை செய்கிறவர்களும் மிஞ்ச மாட்டார்கள். குழாயில் தண்ணீர் லேசாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அசையாமல் நின்றால் எங்கேயோ அடைப்பு, அது காட்டும் அளவு பொய்.

அருளப்பன் மணிக்கொரு தரம் எழுந்து, குழாய் மாட்டிய இரும்புச் சட்டத்தை மூன்று தட்டு தட்டுவான். அடியிலுள்ள திருகைத் திறந்து குழாயை வடித்து, மூடியதும் தண்ணீர் மறுபடி ஏறுவதைப் பார்த்த பிறகுதான் நோட்டில் எழுதுவான். மற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே எழுதிவிடுவார்கள். ஷிப்ட் மாறும்போது "தண்ணி ஆடுது" என்பான். நானும் வடித்துப் பார்த்து "பார்த்துட்டேன்" என்று சொன்னால்தான் கிளம்புவான். அவன் மகளின் ஞானஸ்நானத்தன்று பஸ் கிடைக்காமல் நான் மூன்று மணி நேரம் தாமதம். கோயிலில் எல்லோரும் காத்திருக்க, இவன் குழாய் முன்னால் நின்றுகொண்டிருந்தான். அன்றைக்கு ஃபிட்டர் முனுசாமி கேட்டான்: "இன்னா மாமு, செத்தாலும் ஆள் மாத்தி வுட்டுட்டுதான் போவியா?"

பதில்

இரண்டு வருடம் கழித்து, மஞ்சள் காமாலையில் வீட்டோடு கிடந்த அருளப்பன் போய்ச் சேர்ந்தான். ராயபுரத்துக்குப் போனேன். அவன் மனைவி மேரி என்னைத் தனியே கூப்பிட்டாள். கடைசி இரண்டு நாளும் மணிக்கொரு தரம் கட்டில் சட்டத்தை மூன்று தடவை தட்டினாராம். அந்த அறையில் கடிகாரம் கிடையாது.

அவள் கேட்டாள்: "'தண்ணி ஆடுது, தண்ணி ஆடுது'ன்னு சொல்லிகினே இருந்தாருண்ணா. அதுக்கு நாங்க இன்னா பதில் சொல்லியிருக்கணும்?"

இரும்பு

அடுத்த வாரமே பாய்லர் அறையில் அந்தத் தட்டல் கேட்டது. பட்டப்பகலில், சரியாக மணி அடிக்கும்போது, மூன்று தரம். சூட்டில் இரும்பு விரியும், சத்தம் வரும் என்று முனுசாமிக்கு விளக்கினேன். அவன் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னான்: "இரும்புக்கு எப்டி நைனா மணி பார்க்கத் தெரியும்?"

மூணேகால்

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். நான் ஒழுங்காக இருந்ததெல்லாம் அருளப்பனுக்குப் பயந்துதான். அவன் இல்லாமல் போனதும் என்னைக் கேட்க ஆளில்லை. ஒரு நாள் மத்தியானம் சோம்பலாக இருந்தது. இரண்டு மணிக்கே மூன்று, நாலு, ஐந்து மணிக்கு உண்டான அளவுகளையும் எழுதி வைத்துவிட்டுச் சாய்ந்தேன்.

மூன்று மணிக்குத் தட்டல் கேட்டது. எழுந்திருக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் மறுபடி கேட்டது. அது நேரம் தப்பித் தட்டியதே கிடையாது. எழுந்து ஓடிப் போய்க் குழாய்முன் நின்றேன். பாதிக் குழாய் தண்ணீர், ஆனால் ஆடவில்லை. வடித்தேன். திரும்ப ஏறவே இல்லை. அலறியடித்துக்கொண்டு எல்லோரையும் வெளியே விரட்டிவிட்டு, நானும் முனுசாமியும் அடுப்பு நெருப்பை இழுத்துக் கொட்டினோம்.

ஓடிவந்த இன்ஜினியர் நோட்டைப் புரட்டினார். என்னைத் திட்டக்கூட இல்லை. மெதுவாகக் கேட்டார்: "அஞ்சு மணிக்குத் தண்ணி சரியா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. இப்ப மணி மூணேகால். அஞ்சு மணிக்கு நீங்க இருந்திருப்பீங்களா?"

அடைப்பு எடுத்து மறுபடி தீ மூட்டிய அன்று, குழாயை வடித்துப் பார்த்துவிட்டு அந்தச் சட்டத்தைத் தொட்டு, "பார்த்துட்டேன் அருளப்பா, நீ வூட்டுக்குப் போ" என்றேன்.

அதோடு பாய்லர் அறையில் தட்டல் நின்றுபோனது. ரிடையராகி வீட்டில் இருக்கிற என்னிடம்தான், மணிக்கொரு தரம் எதற்குக் கட்டிலைத் தட்டுகிறீர்கள் என்று என் மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.