இலை மேல் நிற்கும் சொட்டு

நம்மூர்ப் பச்சோந்தியை வீட்டில் வளர்க்கச் சட்டம் விடாது. என்னுடையது முறைப்படி பதிவு செய்த வெளிநாட்டு வகை. அதற்குக் கண்ணாடிப் பெட்டி ஆகாது, காற்றோட்டம் வேண்டும் என்றார்கள். அதனால் ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கும் ஒருவரைக் கோவளத்திலிருந்து அணுபுரத்திலுள்ள என் வீட்டுக்கு வலைக்கூடு செய்ய வரவழைத்தேன்.

ஒல்லியான மனிதர், நரைத்த மீசை. ஒவ்வொரு ஆணி அடித்த பிறகும் கம்பி நுனி குத்துகிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார்.

கூடு முடிந்ததும் உள்ளே ஒரு செடித்தொட்டியும் கிண்ணத்தில் தண்ணீரும் வைத்து, பச்சோந்தியை விட்டேன். கிண்ணத்தை அவர் வெளியே எடுத்துவிட்டார்.

"இதுல குடிக்காது சார். இலை மேல சொட்டு நிக்கணும். அப்பத்தான் அதுக்குத் தண்ணினு தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காக்கா கொத்திப் போட்ட பச்சோந்தி ஒண்ண என் சம்சாரம் எடுத்தாந்து வளத்துகினு இருந்தா. அவ தவறிப் போனப்புறம் நான் பாத்துக்கினேன். தெனம் கிண்ணத்த ரொப்பி வச்சேன். தண்ணி அப்படியே இருந்துச்சு, அது காஞ்சு செத்துப் போச்சு. பக்கத்து வூட்டம்மாதான் அப்புறம் சொன்னாங்க, அவ காலைல இலைக்குத் தண்ணி தெளிப்பான்னு. ஒரே வூட்டுலதான் இருந்தேன் சார். ஒரு நாள் பாத்ததில்ல."

விரல்களை நனைத்து இலைகள் மேல் தெளித்தார். பையைத் தோளில் மாட்டிய பிறகும் அங்கேயே நின்றார். வெகுநேரம் கழித்துப் பச்சோந்தி ஒரு சொட்டை நக்கியது. அதன் பிறகுதான் செருப்பை மாட்டினார்.

இப்போதெல்லாம் அது நக்கும்வரை என்னாலும் வேலைக்குக் கிளம்ப முடிவதில்லை.