வசந்தி வந்த குளிர்காலமும் ஒரு நிலக்கரி அடுப்பும்

என் மனைவி வசந்திக்கு விசா கிடைத்த கிழமையில்தான், வீட்டைச் சூடாக்கும் ஹைட்சுங் செத்தது. ஜெர்மனியின் எசன் நகரில் அந்தப் பழைய சுரங்கத் தொழிலாளர் வீட்டை, அவள் எப்படியும் வருவாள் என்று நம்பி வாங்கியிருந்தேன். யன்னல் இடுக்கெல்லாம் காற்று. எண்ணெயில் ஓடும் கொதிகலன் என்னைவிட வயது கூடியது. ஊரில் இருந்த அவளுக்கு ஏழு வருடமாகத் தொலைபேசியில் நான் சொன்னது ஒன்றுதான்.

"குளிருக்குப் பயப்பிடாதையும். நான் ஹைட்சுங் வேலைக்காரன். உமக்கு எல்லா அறையும் சூடாயிருக்கும்."

புதுக் கொதிகலனுக்குக் கையில் காசில்லை. அப்போது எங்கள் கம்பனியின் வேலையே பழைய நிலக்கரி அடுப்புகளைக் கழற்றிவிட்டுக் காஸ் ஹைட்சுங் பூட்டுவது. கழற்றிய ஒன்றை முதலாளியிடம் கேட்டேன்.

"சனமெல்லாம் கரியை வெளியிலை எறியுது, நீ உள்ளை கொண்டு போறியோ?" என்று அவர் ஜெர்மன் மொழியில் சிரித்தார். சிரித்தாலும் அடுப்பை ஏற்றிப்போகக் கம்பனி வான் வண்டியைத் தந்தார்.

அடுப்பு முழுக்க வார்ப்பிரும்பு. என்னோடு வேலை செய்த சிவம் அண்ணையும் நானும் அதை இறக்கி முடித்தபோது இரண்டு பேருக்கும் இடுப்பு விட்டுப்போனது. முன் அறையில் வைத்து, குழாயைப் புகைபோக்கியில் பூட்டினேன். பிறகு என் ஆசைக்கு, யன்னல் இடுக்கு ஒவ்வொன்றையும் நுரை டேப்பால் அடைத்தேன். அவள் ஒரு தும்மல் தும்மக்கூடாது.

மூட்டுவதற்கு முன் புகைபோக்கிப் பரிசோதகர் கையெழுத்து வைக்க வேண்டும். கறுப்பு உடுப்பில் வந்த மனிதர் புகைபோக்கியில் ஒரு குறையும் சொல்லவில்லை. யன்னலைத்தான் பார்த்தார்.

"நெருப்புக்குக் காத்து எங்காலை வரும்? இப்பிடி மூட்டினால் நச்சுப் புகை அறைக்குள்ளை நிக்கும். உன்ரை மனிசி நித்திரையிலையே போயிடுவா."

கையெழுத்து வைக்காமல் போய்விட்டார். நெருப்புக்குக் காற்று வேண்டும் என்பது வாடிக்கையாளர்களுக்கு நானே வாய் நோகச் சொல்லும் விஷயம்.

"மனிசி வாற சந்தோசத்திலை உனக்கு மூளை கரைஞ்சு போச்சடா" என்றார் சிவம் அண்ணை.

டேப்பை உரித்தேன். சுவரில் காற்றுத் துவாரம் வெட்டினேன். வசந்தி விமானம் ஏறிய அன்றுதான் கையெழுத்துக் கிடைத்தது.

விமான நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் அவள் பனியைக் காட்டிக் காட்டிப் பேசினாள். என் யோசனை முழுக்க வீட்டில்தான். மேலே படுக்கையறை ஐஸ்பெட்டி மாதிரி இருந்தது. வீட்டுக்குள் கால் வைத்ததும் சொல்லிவிட்டேன்.

"குறை நினையாதையும் வசந்தி. இந்த ஒரு அறைதான் சூடு. மற்ற அறையளுக்கு அடுத்த வருசம்தான் ஏலும்."

அவள் கோட்டைக் கழற்றாமல் அடுப்புக்குக் கையை நீட்டியபடி என்னைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, மற்ற அறை என்னத்துக்கு? ஏழு வருசம் வேறை வேறை நாட்டிலை இருந்தது போதாதோ?"

மெத்தையைக் கீழே இழுத்து வந்தோம். அந்தக் குளிர்காலம் முழுக்கச் சாப்பிட்டதும் சண்டை பிடித்ததும் சமாதானமானதும் அந்த அடுப்புக்குப் பக்கத்தில்தான்.

பிறகு, சொன்னபடி காஸ் பூட்டினேன். இப்போது எல்லா அறையும் சூடு. அவள் நாடகம் பார்ப்பது ஓர் அறை, நான் பேப்பர் படிப்பது ஓர் அறை, பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு ஆளுக்கோர் அறை.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கச்சிமாருக்குச் சொல்கிறேன். காற்றுக்கு வழி விடாமல் அடுப்பு வைக்காதீர்கள், அது சட்டம். மற்றது சட்டத்தில் இல்லை. வீடு முழுக்கச் சூடாக்குவதுதான் நல்ல வேலை என்று பென்ஷன் எடுக்கும்வரை நம்பியிருந்தேன். இப்போது யோசித்தால், நான் செய்ததில் ஆக நல்ல வேலை அந்த ஒற்றை அடுப்புத்தான். அந்த அறைக்கு இன்னும் மனம் ஏங்குகிறது. முன் அறையில் உள்ளதை மட்டும் விட்டுவிட்டு, மற்ற அறைகளின் ரேடியேட்டர்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் என்ன என்று, சில பனிநாட்களில் கை துறுதுறுக்கிறது.