நேரில் போய்க் கேட்ட கிரேஸ் அக்கா

போன வெள்ளிக்கிழமை காலை, ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது முத்துலட்சுமி போன் செய்தாள். “அக்கா நம்மள விட்டுப் போயிட்டாவ” என்றாள். எங்கள் இருவருக்கும் அக்கா என்றால் கிரேஸ் அக்காதான்.

ராஜபாளையத்தில் நாங்கள் வேலை பார்த்த நூற்பாலை அலுவலகத்தில் அவர் சம்பளப் பிரிவில் இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நானும் அவரும் ஒரே பேருந்தில் வேலைக்குப் போவோம். அக்காவுக்கு போன் மேல் கோபமெல்லாம் கிடையாது. பேத்தியின் படத்தை நடத்துநரிடம்கூடக் காட்டுவார். ஆனால் யாராவது பேச ஆரம்பித்தால் போன் கைப்பைக்குள் போய்விடும். “ஆளு எதுக்க இருக்கையில, போனு எங்க ஓடிரப் போவுது?” என்பார்.

மம்சாபுரத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்த முத்துலட்சுமி ஒருநாள் வரவில்லை. மதியத்துக்குள் அலுவலக வாட்ஸ்அப்பில் ஒரு படம். பைக்கில் ஒருவன் பின்னால் அவள். ஓடிப்போய்விட்டாளாம். ஆளுக்கொரு கருத்து.

“அந்தப் புள்ளகிட்ட யாராச்சும் பேசினீயளா?” என்று அக்கா கேட்டார். சாயங்காலம் என்னையும் அழைத்துக்கொண்டு மம்சாபுரம் போனார்.

கதவைத் திறந்த அவள் அம்மா, “வேடிக்கை பாக்க வந்தீயளோ?” என்றார்.

“இல்லம்மா. புள்ளயப் பாக்கணும்.”

முத்துலட்சுமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “என்ன நடந்துச்சு தாயி?” என்று கேட்டார். அவள் அழுதுகொண்டே சொன்னாள். பைக் ஓட்டியது, காய்ச்சலென்று அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன பெரியப்பா மகன். அந்தப் படம் அப்பாவின் போனுக்கும் வந்துவிட்டது. இனி வேலைக்கே போக வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

அக்கா அவரிடம் போனார். “நாளைக்கு அவ வரலேன்னா அவிய எழுதுனது நெசம்னு ஆயிரும் அண்ணாச்சி. நானே கூட்டிட்டுப் போறேன். நானே கொண்டாந்து விடுதேன்.”

மறுநாள் அக்கா அவள் கையைப் பிடித்தபடியே அலுவலகத்துக்குள் வந்தார். “இந்தா வந்துட்டா. கேக்கிறத அவகிட்டயே கேளுங்க.” ஒவ்வொருவராக அவரவர் நாற்காலிக்குத் திரும்பினார்கள். படம் குழுவிலிருந்து காணாமல் போனது.

“உங்களுக்கு மட்டும் எப்படிக்கா உண்மை தெரிஞ்சது?” என்று பேருந்தில் கேட்டேன்.

“எனக்கு என்ன தெரியும்? தெரியாததாலதான போய்க் கேட்டேன்” என்றார்.

முத்துலட்சுமி இன்று அக்கா இருந்த சம்பளப் பிரிவின் பொறுப்பாளர். அக்காவை அடக்கம் செய்த அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லறைத் தோட்டத்தில், ஒரு பிடி மண்ணை எடுத்தவள் போட மனமில்லாமல் நின்றாள். ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற அக்காவின் கணவர் அருகே வந்தார். “போடு தாயி. நீ போட்டா அவளுக்குக் கனக்காது” என்றார்.

அவள் குனிந்து மெதுவாகப் போட்டாள். நானும் போட்டேன். நிம்மதியாக உறங்குங்கள், அக்கா.