அலவாங்கு இல்லாத கோடு

நமசிவாயம் அப்புக்காத்து போய்விட்டார் என்ற செய்தி, மருதனார்மடம் சந்தையில் மரவள்ளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு நின்றபோது வந்தது. கிழங்கை அப்படியே போட்டுவிட்டு வந்தேன். இனி கோட்டில் நீதிபதிக்கு முன் என் காணி வழக்கை யார் பேசுவது என்பதுதான் முதலில் மனத்தில் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

புத்தூரில் என் ஆறு பரப்புத் தோட்டத்தைச் சுற்றி ஒரு அரசாங்கத் திணைக்களம் முட்கம்பி வேலி அடித்தது. நான் என்ன செய்தேன்? எங்கள் ஊர் வழக்கப்படி பெட்டிசம் எழுதினேன். பிரதேச செயலாளர், அமைச்சர், சனாதிபதி, ஒருவரையும் விடவில்லை. பிரதிகளைக் கட்டிக்கொண்டு பெருமையாக அப்புக்காத்து அண்ணையிடம் போனேன்.

"வேலி போட்டு எத்தினை நாள்?"

"நாப்பது, அண்ணை."

"உமக்கென்ன விசரே? அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் தவணை. அதைப் பெட்டிசம் எழுதியே முடிச்சுப்போட்டு வந்து நிக்கிறீர்!"

ஏசினார், ஆனால் கைவிடவில்லை. வேலி நிற்கும் ஒவ்வொரு நாளும் புதிய மீறல்தான் என்று நாட்டின் ஆக மேலான கோடான கொழும்பு உயர் நீதிமன்றத்தில் வாதாடினார். வென்றோம். காணியை விடச் சொல்லித் தீர்ப்பு வந்தது. சனநாயகம் தழைத்தது என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. மண்ணாங்கட்டி! வேலிக்குள்ளே பார்த்தீனியம்தான் தழைத்தது.

வாழைக்குலையோடு நன்றி சொல்லப் போனேன். அவர் சிரிக்கவில்லை.

"கோடு சனாதிபதியையே பிழை எண்டு சொல்லும். ஆனால் வேலிக் கட்டையைத் தோண்டிப் பிடுங்க அதிட்டை அலவாங்குக் கம்பி இல்லை, காணும். அலவாங்கு வைச்சிருக்கிறவன் தீர்ப்பை மதிச்சால்தான் கோடு. இல்லாட்டி வெறும் கட்டடம்."

செத்தவீட்டுக்கு அதே திணைக்களத்து அதிகாரி மலர்வளையத்தோடு வந்தார். வெட்கம் கெட்ட மனிதர், ஒலிவாங்கியையும் பிடித்து, "நீதியின் தூண் சாய்ந்துவிட்டது" என்றார். ஊரவர்களே, உங்களில் சிலரும் தலையாட்டினீர்கள். பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

வாசல் படலையடியில் அந்த அதிகாரியை மறித்தேன். "ஐயா, வேலியை எப்ப கழட்டுவியள்?"

"மேலிடத்திலை இருந்து உத்தரவு வரோணும்."

"உயர் நீதிமன்றத்துக்கு மேலை எந்த இடம், ஐயா?"

வாகனத்தில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார்.

அண்ணை கடைசியாக எழுதிய நீதிமன்ற அவமதிப்பு மனு என்னிடம் இருக்கிறது. எதிர்மனுதாரர் என்ற இடத்தில் அந்த அதிகாரியின் முழுப்பெயர், அண்ணையின் கையெழுத்தில். அவரில் எனக்கு மிஞ்சியது அதுதான், போதும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் நீங்கள் தூண் என்றும் சிகரம் என்றும் என்னவும் எழுதுங்கள். அதற்கு முதலே இந்த மனு கொழும்பு போய்விடும். மலர்வளையம் வைத்தவர் கூண்டில் ஏறி, மேலிடம் எது என்று நீதியரசர்களுக்குச் சொல்லட்டும்.