சகலையின் தண்ணீர்க் கார்

எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைக்கிற தடித்த கண்ணாடி ஜாடி அது. அதன் மூடியில் இரண்டு துளைகள் போட்டு, ஒன்றில் மின்கம்பிகளையும் மற்றொன்றில் ரப்பர் குழாயையும் இறக்கியிருந்தார் என் சகலை. உள்ளே எவர்சில்வர் தகடுகள் ஒன்றையொன்று தொடாமல் நின்றன. அவருடைய கல்யாணச் சீரில் வந்த சாப்பாட்டுத் தட்டுகளை வெட்டியெடுத்த தகடுகள் அவை. சீர்த் தட்டில் நான் கத்தரியை வைத்திருந்தால் மாமனார் வீட்டில் மூன்று தலைமுறைக்குப் பேசியிருப்பார்கள். அவர் வெட்டியதைக் கேட்டு மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாராம்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேதியியல் ஆசிரியராக இருந்தேன். மாமனார் வீடும் அதே ஊரில்தான், அந்த வீட்டின் மூத்த மருமகன் நான். சகலை, என் மனைவியின் தங்கை கணவர், ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுத்துக் கொடுக்கும் பட்டறை வைத்திருந்தார். வெளுப்பதற்கு வாங்கும் காஸ்டிக் சோடாவில் ஒரு பிடியைத் தண்ணீரில் கரைத்து ஜாடியில் ஊற்றி, காரின் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தார். தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழ்விட்டு எழும். அந்த வாயு குழாய் வழியாக இன்ஜினுக்குள் போய்ப் பெட்ரோலோடு சேர்ந்து எரியும். அது தொண்ணூறாம் வருடம். குவைத் சண்டையால் பெட்ரோல் விலை ஏறும் என்று தேநீர்க் கடைகளிலெல்லாம் பேச்சாக இருந்தது. சகலையின் பழைய கறுப்புக் கார் தண்ணீரில் ஓடுகிறது என்ற செய்தி ராஜபாளையத்திலிருந்து எங்கள் ஊருக்கு அவருக்கு முன்னால் வந்து சேர்ந்தது.

வருடந்தோறும் வகுப்பில் தண்ணீரைப் பிரித்துக் காட்டுகிறவன் நான். சோதனைக் குழாயின் வாயில் எரியும் குச்சியைக் காட்டி, 'டப்' என்ற சத்தத்தில் பிள்ளைகள் துள்ளுவதைப் பார்த்து, மணி அடித்ததும் கரும்பலகையை அழித்துவிட்டுப் போகிறவன். அதைக் காரில் பூட்டலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. தோன்றாததற்குக் காரணமும் உண்டு. தண்ணீரைப் பிரிக்கும் மின்சாரத்தை டைனமோ தருகிறது, டைனமோவை இன்ஜின் சுற்றுகிறது, இன்ஜினுக்குத் தீனி பெட்ரோல். கொடுத்ததைவிடக் குறைவாகத்தான் திரும்பி வரும். அப்படியானால் வண்டி கூடுதல் தூரம் போவதாகச் சகலை சொன்னது? ஜாடி மாட்டியதிலிருந்து அவர் ஆக்சிலேட்டரைப் பூப்போல மிதித்து ஓட்டினார், அவ்வளவுதான். மாமாவிடம் இதைப் பொறுமையாகச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாப்பிள்ளை" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, வாசலில் கார் சத்தம் கேட்டதும் செருப்பில்லாமல் இறங்கிப் போனார்.

அந்த வீட்டில் எனக்கு மரியாதைக்குக் குறைவே இல்லை. நான் போனால் மாமா தோளில் கிடக்கும் துண்டை எடுப்பார். எனக்கு மட்டும் தலைவாழை இலை. மாமியார் என் முன்னால் வந்து நின்றதில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து என் மனைவியிடம் சொல்வதுபோல எனக்குச் சொல்லுவார். இதையெல்லாம் நான் பெருமையாகவே வைத்திருந்தேன், சகலை வரும்வரை. அவர் அடுப்படிக்குள் போய் மாமியாரிடம் நேரே காபி கேட்டார். மாமாவோடு பானெட்டுக்குள் தலையைவிட்டுக்கொண்டு கையெல்லாம் கிரீஸாக நின்றார். அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்க நான் செய்தித்தாளைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டிருந்த மாலைகள் பல. எனக்கும் மாமாவின் அருகில் அப்படி நிற்க வேண்டும்போல் இருந்தது. அதற்கு வழி தெரியவில்லை. அதனால் அந்த ஜாடி தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை, செண்பகத்தோப்புப் பெருமாள் கோயிலுக்கு எல்லோரும் அந்தக் காரிலேயே போவதென்று ஏற்பாடு. புது வண்டிக்குச் செய்வதுபோலச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சகலை பேட்டரித் தண்ணீர் ஊற்ற ஜாடியைத் திறந்தார். மாமியார் செம்போடு நின்றிருந்தார். வண்டியைச் சுற்றித் தெளித்த மஞ்சள் தண்ணீரின் மிச்சம் அதில் இருந்தது. தண்ணீரில் ஓடுகிற வண்டிக்கு வெளியே மட்டும் தெளித்தால் போதுமா என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு கை ஜாடிக்குள்ளும் ஊற்றிவிட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜாடி முழுவதும் சிவந்தது. மாமா கைகூப்பினார்.

என் முறை வந்துவிட்டது என்று முன்னால் போனேன். இது அதிசயம் இல்லை, காஸ்டிக் சோடா காரம், காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலக்கும்போது நடப்பதும் இதுவே என்று விளக்கினேன். மாமியார் என் மனைவி பக்கம் திரும்பினார்.

"அவியகிட்டச் சொல்லுட்டி, அதத்தான நாங்களும் சொல்லுதோம். வண்டி தனக்குத்தானே ஆரத்தி எடுத்துக்கிருச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். சகலை என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தத் தண்ணீரை மாற்றச் சொன்னேன். சகுனம் என்று சொல்லி மாமா விடவில்லை.

ஊரைத் தாண்டி மாந்தோப்புகள் தொடங்குகிற இடத்தில் கார் இருமி நின்றது. பானெட்டைத் தூக்கினால், ஜாடி நிறையச் சிவப்பு நுரை. குழாய் வழியாக ஏறிக் கார்புரேட்டர் வரை போயிருந்தது. மஞ்சள் கலந்ததால் பொங்கிய நுரை. என் மனத்தில் எழுந்த சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இருக்கச் சிரமப்பட்டேன். நான் காரணத்தைச் சொல்லி முடித்ததும் சகலை மாமாவைப் பார்த்துத் தலையாட்டினார்.

"அண்ணாச்சி சொன்னா சொன்னதுதான். நான் மொதல்லயே அவியளக் கேட்டிருக்கணும்."

அவரிடம் வருத்தத்தின் சாயல்கூட இல்லை. குழாயைப் பிடுங்கினார், கார்புரேட்டரைக் கழற்றித் தன் துண்டாலேயே துடைத்து மாட்டினார், தள்ளினால் கிளம்பிவிடும் என்று ஸ்டீரிங்கில் உட்கார்ந்தார். மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். கோயிலுக்கென்று உடுத்திய புது வேட்டி. இரண்டு உள்ளங்கைகளையும் டிக்கியில் ஊன்றி, முகம் சிவக்கச் சிவக்கச் சிரித்தார்.

"ஏலே, தண்ணி வண்டிக்காரா, கியரப் போடு. நான் தள்ளுதேன்."

மருமகனை ஏலே என்று கூப்பிட்டதை அவர் கவனிக்கவில்லை. யாருமே கவனிக்கவில்லை. நான் போய் அவர் பக்கத்தில் நின்று டிக்கியில் கை வைத்தேன். அவர் சிரிப்பை நிறுத்தி, நிமிர்ந்து நின்றார்.

"நீங்க கை வைக்காதிய மாப்பிள்ளை. வேட்டி அழுக்காயிரும். செத்த நேரம் நெழல்ல நில்லுங்க."

நிழலில் நின்றேன். கார் உறுமிக் கிளம்பியதும் அவர் அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினார்.

அந்த வாரமே ஜாடியைக் கழற்றிவிட்டார் சகலை. இப்போது அதே சரக்கைக் கைபேசிக் காணொளிகளில் விற்கிறார்கள். சகலை அவற்றை எனக்கு அனுப்பி, "இது நடக்குமா அண்ணாச்சி?" என்று கேட்கிறார். நடக்காது என்று காரணத்தோடு எழுதுகிறேன். மாமா இறந்து வெகுகாலம் ஆகிறது. அவருடைய திதியன்று சாப்பிட்டு முடித்து உட்காரும்போது, மாமா தன்னைத் திட்டியதையெல்லாம் சகலை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். வீடே சிரிக்கும். அவர் நிறுத்தியதும் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். என்னை மாமா ஒரு தடவைகூடத் திட்டியதில்லை.