பியூஸ் இடத்தில் ஒரு பல்பு

எனக்குக் கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது. கணக்கு வாத்தியாரு, எதையும் நிதானமா யோசிப்பாருன்னு வெளியில ஒரு பேரு இருக்கு. அந்தப் பேரு பள்ளிக்கூட கேட்டோட சரி.

எங்க கார் செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஹாரன் மட்டும் ஆட்டுக்குட்டி கத்துற மாதிரி கத்தும். ஐப்பசி மாசம் தங்கச்சி குடும்பம் குலதெய்வக் கோயிலுக்குப் போறதுக்கு வண்டியக் கேட்டுச்சு, குடுத்தேன். தங்கச்சி மாப்பிள்ளைக்கு டி. கல்லுப்பட்டியில மோட்டார் காயில் கட்டுற கடை. சுத்துப்பட்டுல எந்தக் கிணத்து மோட்டார் எரிஞ்சாலும் அவர்கிட்டத்தான் வரும். வண்டியத் திருப்பிக் கொண்டாந்து விட்டப்ப, சொல்லாமக் கொள்ளாமப் புது ஹாரன் மாட்டியிருந்தாரு.

"என்ன மாப்ள இது?"ன்னேன்.

"சும்மா இருக்கட்டும் மச்சான். ஆரப்பாளையத்துப் பக்கம் உங்க ஹாரனுக்கு எருமை கூட ஒதுங்காது."

அமுக்கிப் பாத்தேன். யாத்தே! என்னா சத்தம்! ஒரு வாரம் எனக்குத் தலைகால் புரியல. வேணுமின்னே அமுக்கிக்கிட்டுப் போனேன்.

அடுத்த வாரம் ஹாரன் செத்துப்போச்சு. பாத்தா பியூஸ் போயிருக்கு. அதே பியூஸ்லதான் வண்டியோட நாலு மூலை இண்டிகேட்டரும் ஓடுது, அதுவும் எரியல. வேற பியூஸ் போட்டேன், வேலை செஞ்சது. கோச்சடையில எங்க தெரு முக்குல ஒரு பள்ளம் இருக்கு. அதுல எறங்கி ஏறுனதும் மறுபடி போச்சு. இப்பிடியே நாலு பியூஸ். நல்ல ரோட்டுல எம்புட்டுத் தூரம் போனாலும் ஒண்ணும் ஆகாது, பள்ளத்துல விழுந்தா மட்டும் போயிரும். எனக்கு எரிச்சல் தாங்கல. பத்து ஆம்பியர் போட வேண்டிய இடத்துல முப்பது ஆம்பியர் பியூஸச் சொருகுனேன். இப்பப் போ பாப்போம்னு.

பியூஸ் போகல. ரெண்டு நாள் கழிச்சு பானட்டுல இருந்து புகை வந்துச்சு. வீட்டுக்காரி கதவத் தெறந்து ரோட்டுல குதிக்காத குறை. எரிஞ்ச நாத்தம் ஒரு வாரம் வண்டிய விட்டுப் போகல.

அந்த ரோட்டோரத்துலயே நின்னு மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "பள்ளத்துல விழுந்தாப் போதும், பியூஸ் போயிருது, இன்னிக்கு வண்டியே எரியப் பாத்துச்சு"ன்னு கத்துனேன். அவர் "மச்சான், ஒரு நிமிசம் நான் சொல்றத..."ன்னு ஆரம்பிச்சாரு. நான் விடல. "கிணத்து மோட்டார் கட்டுறவனுக்குக் கார்ல என்ன வேலை? உன்னைய யாரு கை வைக்கச் சொன்னது?"ன்னுட்டேன்.

கல்யாணமான நாள்ல இருந்து நீங்க, வாங்கன்னு மட்டுமே பேசுன மனுசன அன்னைக்கு 'நீ'ன்னேன்.

அவர் ரொம்ப நிதானமாச் சொன்னாரு. "பதினஞ்சு நாள்ல பாப்பாவுக்குக் காது குத்து. அதுக்குள்ள என் கைவேலையில என்ன தப்புன்னு காட்டிட்டு வாங்க. காட்டுனா உங்க மடியில வச்சுக் குத்துவோம். இல்லைன்னா அவளை என் மடியிலயே வச்சுக்கிறேன்."

எங்க பக்கம் தாய்மாமன் மடி இல்லாமக் காது குத்துனா ஊரு அதைப் பேசியே ஓய்ஞ்சிராது. அதை விடுங்க. எனக்கு ஒரே தங்கச்சி, அவளுக்கு ஒரே பொண்ணு. என்னையப் பாத்தா "மாமா தூக்கு"ன்னு ரெண்டு கையையும் நீட்டுற புள்ள. தங்கச்சி போன் பண்ணி அழுதா. "ஒரு வார்த்தை தப்புன்னு சொல்லுண்ணே"ன்னா. நான் என்ன சொன்னேன்? "தப்பு எங்க இருக்குன்னு காட்டிட்டே வாரேன்"னேன். வீம்பு!

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு கார் எலக்ட்ரீசியன் கடை. ஒரே ஆளு, மூக்குக் கண்ணாடியக் கயித்துல கட்டிக் கழுத்துல போட்டிருந்தாரு. நான் போனதுமே, "ஹாரன் மாட்டுனதுல தப்பு, பாத்துச் சொல்லுங்க"ன்னேன். என் பசங்க பரீட்சையில விடையப் பக்கத்துல பாத்து எழுதிட்டு, அப்புறம் வழிமுறையத் தேடுவாங்களே, நானும் அதே வேலையத்தான் செஞ்சேன்.

அவர் கண்டுக்கல. டாக்டர் மாதிரி கேள்வியாக் கேட்டாரு. மழையில போகுதா? ஏசி போட்டாப் போகுதா? ஹாரன அமுக்குனாப் போகுதா, அமுக்காமயே போகுதா? கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல. யோசிச்சுப் பாத்தா, அமுக்காமயேதான் போயிருக்கு. அதை நான் கவனிக்கவே இல்லையே! அப்பத்தான் எனக்குக் கோபம் கொஞ்சம் நகந்து, என்னவா இருக்கும்னு ஒரு நமைச்சல் எடுத்துச்சு.

முப்பது ஆம்பியர் பியூஸப் பிடுங்குனாரு. அந்த இடத்துல ரெண்டு ஒயர் கோத்த ஒரு ஹெட்லைட் பல்பைச் சொருகி என் கையில குடுத்தாரு.

"இது எதுக்கு?"

"பியூஸ்னா போயிரும்ணே, ஒண்ணும் தெரியாது. பல்பு போகாது. எங்கயாச்சும் கரண்டு வண்டி பாடியில எறங்குச்சுன்னா நல்லா எரியும். கண்ண எடுக்காமப் பாத்துச் சொல்லுங்க."

ஸ்டியரிங்குக்குக் கீழ கையை விட்டு ஒயர்க் கட்டை ஆட்டுனாரு. எரியல. வண்டிக்குள்ள இருந்து எஞ்சின் பக்கம் ஒயர் வெளிய வர்ற ஓட்டைகிட்ட ஆட்டுனாரு. எரியல. "ஹாரன் பக்கம் ஆட்டுங்க"ன்னேன். ஆட்டுனாரு. அப்பவும் எரியல. நான் பல்பையே மொறைச்சுப் பாத்துக்கிட்டு நிக்கேன். காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல, பசியே தெரியல. ஒரு சாணு, ஒரு சாணா நகந்து போறாரு. எலி கடிச்சிருக்குமோ, சூடான எஞ்சின்ல பட்டிருக்குமோன்னு என் மனசு என்னென்னமோ கணக்குப் போடுது.

முன்பக்கம், நம்பர் பிளேட்டுக்கு மேல இருக்குற கிரில்லுக்குப் பின்னால கை வச்சாரு. பல்பு பளிச்சுன்னு எரிஞ்சுச்சு.

"எரியுது! எரியுது!"ன்னு கத்திட்டேன். டீக்கடையில நின்னவங்க திரும்பிப் பாத்தாங்க.

கையை எடுத்தாரு, அணைஞ்சது. தொட்டாரு, எரிஞ்சது. கறுப்பு டேப்பப் பிரிச்சாரு. அத்தனை ஒயருக்கு நடுவுல ஒண்ணு மட்டும் கருகி, மேல் உறை உருகிப் பக்கத்து ஒயர்ல ஒட்டியிருந்துச்சு. அது ஆரம்பிக்கிற இடத்துல செம்பு பல்லக் காட்டிக்கிட்டு நிக்குது. அதுக்குள்ள ஒரு கட்டுக்கம்பி ஆழமா எறங்கி, மறுபக்கம் வண்டியோட இரும்புச் சட்டத்தச் சுத்தியிருக்கு. கம்பியில காஞ்ச வாழைமட்டை துளியூண்டு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

"இது என்ன கம்பிண்ணே?"

எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. ஆயுத பூசைக்கு வண்டி முன்னால வாழைக்கன்னு கட்டுனது நான்தான். அதுக்கு முந்தின வருசம் சணல்ல கட்டி, காளவாசல் சிக்னல்ல ஒரு பக்கத்துக் கன்னு விழுந்து, நாலு பேரு சிரிச்சுட்டாங்க. அதனால இந்த வருசம் கட்டுக்கம்பி வாங்கி, கிரில்லுக்குப் பின்னால விட்டு, குறடு போட்டு முறுக்கு முறுக்குன்னு முறுக்குனேன். முனையை ரெண்டா மடிச்சு விட்டிருக்கேன், கையக் கிழிக்கக் கூடாதுன்னு. அந்த மடிப்பு அப்பிடியே இருந்துச்சு. கன்னு வாடுனதும் அதை மட்டும் அறுத்துப் போட்டுட்டுக் கம்பிய விட்டுட்டேன். அது ஒரு மாசமா, ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சங்கொஞ்சமா அறுத்திருக்கு.

"முப்பது ஆம்பியர் போட்டது யாரு?"

"அதுவும் நான்தான்."

அவர் சிரிச்சுட்டாரு. "பத்தே இருந்திருந்தா பியூஸோட போயிருக்கும்ணே. ஒயர் தப்பிச்சிருக்கும்."

"அப்ப அந்த ஹாரன்?"ன்னேன்.

அவர் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஹாரன் ஒயரக் கையில ஏந்திப் பாத்தாரு. வண்டி பியூஸ் போக, அதுக்குன்னு தனியா இன்னொரு பியூஸ். ஒவ்வொரு இணைப்புலயும் ஈயம் வச்சு, உறை மாட்டி, மேல வெள்ளை நூல் போட்டு வரிசையாக் கட்டியிருந்துச்சு. மோட்டார் காயில்ல கட்டுற அதே கட்டு. "யாருண்ணே இது? நான் இம்புட்டுப் பொறுமையாச் செய்ய மாட்டேன். அவர் நம்பர் இருந்தாக் குடுங்க"ன்னாரு.

எனக்கு வெக்கமா இருந்துச்சு, பயமாவும் இருந்துச்சு. தப்பக் காட்டுனாத்தான் மடி. காட்டுறதுக்கு எங்கிட்ட இருந்தது என் தப்பு மட்டும்தான்.

அவர் புது ஒயர் போட்டு முடிச்சதும், கருகின ஒயரையும் கம்பியையும் ஒரு பேப்பர்ல சுத்தி வாங்கிக்கிட்டேன். மறுநாள் லீவு சொல்லிட்டு கல்லுப்பட்டிக்கு வண்டிய விட்டேன். வழி பூராம் என்ன பேசணும்னு ஒத்திகை பாத்தேன். கடையில அவர் ஒரு மோட்டாருக்குள்ள குனிஞ்சு காயில் எறக்கிக்கிட்டு இருந்தாரு. என்னையப் பாத்தும் எந்திரிக்கல. ஒத்திகை பாத்ததை விட்டுட்டுப் பேப்பரப் பிரிச்சு அவர் முன்னால வச்சேன்.

"மாப்ள, உங்க வேலையில ஒரு தப்பும் இல்ல. நான் கட்டுன கம்பி இது. என்னைய மன்னிச்சிருங்க."

அவர் கம்பியத் தொடக்கூட இல்ல. "தெரியும் மச்சான்"னாரு.

"தெரியுமா? எப்பருந்து?"

"ஹாரன் மாட்டுறப்பவே கம்பியப் பாத்தேன். பூசைக்குக் கட்டுனதுன்னு கை வைக்கல. அப்ப அது ஒயர்ல எறங்கல. பள்ளத்துல விழுந்தா போகுதுன்னு நீங்க போன்ல சொன்னதும் புரிஞ்சுபோச்சு. சொல்லத்தான் வாயத் தெறந்தேன். அதுக்குள்ள..."

அதுக்கு மேல அவர் சொல்லல. அதுக்குள்ள நான் என்ன சொன்னேன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே மாப்ள?"

"கிணத்து மோட்டார் கட்டுறவன் சொன்னா நம்பியிருப்பீங்களா?"

அவர் கோபமாக் கேக்கல. நெசமாவே தெரிஞ்சுக்கிறதுக்காகக் கேட்டாரு. நான் யோசிச்சேன். நம்பியிருக்க மாட்டேன். அதையும் சொன்னேன். அவர் கையத் துடைச்சுக்கிட்டு, கடைக்குப் பின்னால வீட்டுப் பக்கம் பாத்து, "ஏய், உங்கண்ணன் வந்திருக்காரு, காப்பி போடு"ன்னாரு. மடியப் பத்தி அவர் பேசல. நானும் கேக்காமக் காப்பியக் குடிச்சுட்டுக் கெளம்புனேன்.

காது குத்து அன்னைக்குச் சீர்த்தட்டெல்லாம் எறக்கி வச்சுட்டுக் கூட்டத்துல ஒரு ஓரமா நின்னேன். ஆசாரி கம்மல எடுத்துட்டாரு. மாப்பிள்ளை புள்ளையத் தூக்கிக்கிட்டு என்னையத் தேடி நேரா வந்து, "உக்காருங்க மச்சான்"னாரு. உக்காந்தேன். புள்ளைய என் மடியில வச்சாரு. ஊசியப் பாத்ததும் அது வீல்னு கத்தித் துள்ளுச்சு. நான் பதறி ரெண்டு கையாலயும் அணைச்சேன்.

அவர் குனிஞ்சு, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "புடிங்க மச்சான். ஆனா ரொம்ப முறுக்கிராதீங்க"ன்னாரு.

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, கண்ணுல தண்ணியும் கொட்டுச்சு. சுத்தி நின்னவங்க, புள்ளை அழுகுறதப் பாத்து மாமனும் அழுகுறான்னு நெனச்சுக்கிட்டாங்க.