ஹெல்காவின் தோட்டத்தில் மல்லாட்டை

இந்த ஜெர்மன் ஊரில் ஜூன் கடைசியோடு ஸ்பார்கல் விற்பனை நின்றுவிடுகிறது. விரல் தடிமனில் வெள்ளையாக இருக்கும் ஒரு தண்டுக்காய் அது. ஜூலையில் சந்தைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "இப்பவும் வெட்டினால் வேர் அடுத்த வருடத்துக்கு எப்படித் தெம்பு சேர்க்கும்?" என்றார். பிள்ளைத்தாய்ச்சி கேட்கிறாளே என்ற இரக்கம்கூட இல்லை. உலகத்துப் பழங்களையெல்லாம் விமானத்தில் வரவழைக்கும் ஊரில் இதற்கு மட்டும் என்ன ராங்கி!

உண்மையில் என் கோபம் ஸ்பார்கல் மேல் அல்ல. மசக்கை தொடங்கியதிலிருந்து எனக்கு எதுவும் உள்ளே இறங்கவில்லை. அவித்த பச்சை மல்லாட்டைக்கு மட்டும் நாக்கு ஏங்கியது. நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது. கண்டாச்சிபுரம் பக்கத்தில் ஊரார் கொல்லைகளில் அம்மாவோடு நானும் மல்லாட்டை ஆயப் போவேன். கூலியே காய்தான். அன்றைக்கே உப்புப் போட்டு அவித்துவிடுவோம். ஈரக்காய் இரண்டு மூன்று நாளில் பூசணம் பூத்துவிடும். விக்கிரவாண்டி டோல்கேட்டில் அதைப் பொட்டலம் கட்டி விற்பவர்கள்கூட அக்கம்பக்கத்தில் பிடுங்கும் நாள்களில்தான் கண்ணில் படுவார்கள். அப்படிப்பட்ட காயை எந்த விமானத்தில் வரவழைப்பது?

என் கணவர் அன்பு திண்டிவனம் டவுன்காரர். ஆசியக் கடையில் வறுக்காத கடலை வாங்கி, பக்கத்து வீட்டு ஹெல்காவின் கண்ணாடிக் கூடாரத்தில் ஒரு மூலை கேட்டு, மே மாதமே ஊன்றியிருந்தார். மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்தது. ஆகஸ்டில் ஒரு நாள் போய்ப் பார்த்தால் ஹெல்கா கையில் மண்வெட்டி. செடியில் ஒரு காய்கூடத் தொங்கவில்லை, பிடுங்கிவிட்டுக் கீரை போடலாம் என்று அவரும் அன்பும் பேசி முடித்திருந்தார்கள்.

"பூவெல்லாம் கொட்டிப்போச்சு சத்யா, இன்னாத்துக்கு சும்மா இடத்த அடைச்சிக்கினு?" என்றார் அன்பு.

"ஏங்க, மல்லாட்டை இன்னா மாங்காயா, கிளையில தொங்கறதுக்கு?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு செடிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அழுகை முட்டியது. இதுவும் போனால் இந்த ஊரில் எனக்கென்று எதுவுமே முளைக்காது என்று தோன்றியது. பிரசவ வலியோ என்று ஹெல்கா மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். பூ இருந்த இடத்திலிருந்து மண்ணுக்குள் இறங்கியிருந்த விழுதை அவருக்குத் தொட்டுக் காட்டினேன். காய் கீழே இருக்கிறது என்று புரிந்ததும் அவர் முகமே மாறிவிட்டது.

"அப்படியானால் நாளைக்கே தோண்டிப் பார்க்கலாமா?"

"கூடாது. இப்போது வெறும் பிஞ்சு. செப்டம்பர் கடைசிவரை பொறுக்க வேண்டும்" என்றேன், சந்தைக்காரம்மாவின் அதே குரலில்.

கடைசியில் ஒரு சட்டிக் காய் தேறியது. அவியும் வாசனைக்கே எனக்குப் பசித்தது. பல மாதங்கள் கழித்து அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன். முதல் காயைத் தோலோடு கடித்த ஹெல்கா, உரிக்கப் பழகிய பிறகு சட்டியை விட்டு நகரவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஊரிலிருந்து தங்கை போன் செய்தாள்.

"இங்கயும் இப்போதான் புடுங்கிக்கினு இருக்கோம்க்கா. கொழந்த பொறந்ததும் தூக்கிக்கினு எப்போ வர்றீங்க?"

"அடுத்த வருஷம் மல்லாட்டை சீசனுக்கு வந்துடறோம்மா" என்றார் அன்பு.

"அப்போ இங்க போடறத யாரு புடுங்குவாங்க?" என்று கேட்டது நான்தான்.